பையா, ஐஸ்பெட்டியா, மின்கருவியா: வீட்டில் இங்கிலாந்து ஏல் காய்ச்ச எது போதும்?

டப்பாவில் வரும் மால்ட் பாகைக் கரைத்து பீர் செய்து பழகிய ஒருவர், இனி முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டிலிருந்தே தொடங்குவது என்று முடிவெடுத்ததும், அவருக்கு முன்னால் வந்து நிற்கும் முதல் கேள்வி மாஷை, அதாவது மால்ட்டும் வெந்நீரும் சேர்ந்த கலவையை, எந்தப் பாத்திரத்தில் போடுவது என்பதாகும். இங்கிலாந்தின் வீடுகளில் இன்று மூன்று வழிகள் புழங்குகின்றன: வெந்நீர் நிறைந்த பெரிய அண்டாவுக்குள் துணிப்பையை இறக்கி அதிலேயே மால்ட்டை ஊறவைப்பது, சுற்றுலாவுக்கு எடுத்துச் செல்லும் ஐஸ்பெட்டியில் குழாய் பொருத்தி அதை மாஷ் தொட்டியாக்குவது, எல்லா வேலையையும் ஒரே எஃகு உருளைக்குள் முடிக்கும் மின்கருவியை வாங்குவது. பிட்டர், மைல்டு, போர்ட்டர் என ஏல் எனப்படும் இங்கிலாந்து பீர் வகைகளோடு நிறுத்திக்கொள்பவருக்கு மூன்றாவது வழிக்குச் செலவழிக்கும் தேவை இல்லை என்பதே, மூன்றையும் கிழக்கு லண்டனில் என் வீட்டில் செய்து பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. அதற்கான காரணங்களையும், அந்த முடிவு யாருக்குப் பொருந்தாது என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

சட்டம் பற்றி ஒரு சொல். பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு உரிமம் வேண்டும் என்ற விதி 1963இல், ரெஜினால்டு மாட்லிங் நிதியமைச்சராக இருந்தபோது நீக்கப்பட்டது; சொந்த உபயோகத்துக்கு எவ்வளவும் காய்ச்சலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம் என்பதால், அங்கிருந்து வாசிப்பவர்கள் இதை வாசிப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மாஷ் என்பதை 'ஊறல்' என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் நம்மூரில் ஊறல் என்றால் சாராயத்துக்காகப் பானையில் புளித்துக் கொண்டிருக்கும் கலவை. மாஷோ நொதித்தலுக்கு முந்தைய கட்டம். உடைத்த மால்ட்டை 65 முதல் 68 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், அதில் ஏற்கெனவே இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். பீட்டா அமைலேஸ் சற்றுக் குறைந்த வெப்பத்தில் சுறுசுறுப்பாக இயங்கி, ஈஸ்ட் எளிதில் தின்னக்கூடிய மால்டோஸைத் தரும். ஆல்ஃபா அமைலேஸ் அதைவிடக் கூடுதல் வெப்பத்தையும் தாங்கி, ஈஸ்ட்டால் தின்ன முடியாத நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளையும் விட்டுவைக்கும். அதனால்தான் 64 பாகையில் ஊறியது இனிப்பு மிஞ்சாத வறட்சியான பீராகவும், 68 பாகையில் ஊறியது நாவில் கனம் தங்கும் பீராகவும் முடிகிறது. ஊறிய பிறகு வடியும் இனிப்புச் சாறுக்கு வோர்ட் என்று பெயர்.

இங்கிலாந்தின் மரபில் இந்த ஊறவைப்பு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வெப்பநிலையில் நடப்பது என்பதை இந்த ஒப்பீட்டின் அச்சாணியாகவே நான் கருதுகிறேன். ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் மாஷின் ஒரு பகுதியை எடுத்துத் தனியே கொதிக்கவைத்துத் திரும்ப ஊற்றி, வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றும் முறை வளர்ந்தது. இங்கிலாந்தின் ஏல் மால்ட் முளைப்பு நன்கு முற்றியபின் உலர்த்தப்படுவதால் அந்தப் படிகள் அதற்குத் தேவைப்படவில்லை. வெப்பம் வெளியேறாத ஒரு தொட்டி, அடியில் துளையிட்ட தட்டு, பொறுமை ஆகியவை இருந்தால் போதும் என்றுதான் அங்குள்ள பீர் ஆலைகள் தலைமுறைகளாகக் காய்ச்சி வந்தன. கேம்பிரிட்ஜில் இயங்கிய தாவர இனப்பெருக்க நிலையத்தில் உருவாகி 1960களின் நடுவில் வயலுக்கு வந்த மாரிஸ் ஆட்டர் என்ற குளிர்காலப் பார்லி இன்றும் வீட்டில் காய்ச்சுவோரின் செல்லப்பிள்ளையாக இருப்பதற்கு, அதன் பிஸ்கட் போன்ற சுவையோடு, இந்த எளிய முறைக்கு அது நன்றாக ஒத்துழைப்பதும் ஒரு காரணம். ஆகவே வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றும் வசதி கருவியில் இருக்கிறது என்ற விளம்பரத்தைப் படிக்கும்போது, அந்த வசதி எந்த நாட்டுப் பீருக்கு என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒப்பிடுவதற்கு ஒரே செய்முறையை வைத்துக்கொள்வோம். 23 லிட்டர் சாதாரண பிட்டர்; நொதிக்கும் முன் சாற்றின் தொடக்க அடர்த்தி 1.039 (வெறும் நீருக்கு 1.000), மாரிஸ் ஆட்டரும் நிறமும் இனிப்பும் தரும் 300 கிராம் கிரிஸ்டல் மால்ட்டும் சேர்த்து ஏறத்தாழ 4 கிலோ, கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 5 விழுக்காடு கொண்ட, கோல்டிங்ஸ் என்ற கிழக்கு கென்ட் வகை ஹாப்ஸ் பூ கொதியின் தொடக்கத்தில் 45 கிராம், கடைசிப் பத்து நிமிடத்தில் 20 கிராம். கொதிக்கத் தொடங்கும்போது அண்டாவில் 28 லிட்டர் சாறு வேண்டும், ஏனென்றால் ஒரு மணி நேரக் கொதிப்பில் மூன்றரை லிட்டர் ஆவியாகும், அடியில் தங்கும் ஹாப்ஸும் கசடும் ஒன்றரை லிட்டரை வைத்துக்கொள்ளும்.

ஐஸ்பெட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இங்கிலாந்து ஆலையின் மாஷ் தொட்டிக்கு அதுவே நெருங்கிய உறவு. 25 அல்லது 30 லிட்டர் கொள்ளும் பெட்டியில், ஐஸ் உருகிய நீரை வடிக்கும் துளையில் ஒரு திருகுகுழாயைப் பொருத்தி, உள்ளே துளையிட்ட செம்புக் குழாயையோ எஃகு வலைக் குழலையோ படுக்கவைத்தால் தொட்டி தயார். 4 கிலோ மால்ட்டுக்கு 10 லிட்டர் வெந்நீர். அறை வெப்பத்தில், அதாவது 18 பாகையில், இருக்கும் மால்ட் அதில் விழுந்ததும் வெப்பம் இறங்கும் என்பதால், 66 பாகை வேண்டுமானால் நீர் 74 பாகையில் இருக்க வேண்டும். பெட்டியையும் முன்னதாகக் கொதிநீர் ஊற்றிச் சூடேற்றி வைக்காவிட்டால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். முதல் முறை நான் அதைச் செய்யாமல் 62 பாகையில் போய் நின்றேன். சூடேற்றி மூடி வைத்துவிட்டால், ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கும்போது ஒரு பாகைக்கு மேல் குறைந்திருக்காது. மின்சாரமோ மேற்பார்வையோ வேண்டாம். அந்த நேரத்தில் கடைக்குப் போய்வரலாம்.

பிறகு குழாயை மெல்லத் திறந்தால் முதல் இரண்டு குவளைகள் தவிட்டுத் தண்ணீர் போலக் கலங்கி வரும். அவற்றை மேலேயே திரும்ப ஊற்ற வேண்டும். மூன்றாவது, நான்காவது குவளையில் மால்ட்டின் உமியே வடிகட்டியாகப் படிந்து, சாறு தேன்நிறத்தில் தெளிந்து ஓடும். அந்தத் தெளிவைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பது காய்ச்சும் நாளின் சிறு இன்பங்களில் ஒன்று. 4 கிலோ மால்ட் 4 லிட்டரை உறிஞ்சிக்கொள்ள, முதல் வடிப்பில் 6 லிட்டர் கிடைக்கும். அதன்பின் மால்ட்டில் தங்கிய சர்க்கரையைக் கழுவி எடுக்க, 78 பாகையை ஒட்டிய நீரை 11 லிட்டர் வீதம் இருமுறை ஊற்றிக் கலக்கி வடித்தால் 28 லிட்டர் சேரும். தலைக்குமேல் தொட்டி வைத்துத் தூறலாகத் தெளித்துக் கழுவும் ஆலைமுறையை வீட்டில் செய்து பார்த்தேன். கிடைத்த கூடுதல் சர்க்கரைக்கு அது எடுத்துக்கொண்ட முக்கால் மணி நேரம் அதிகம்.

குறைகளும் உண்டு. கழுவுவதற்கான 22 லிட்டர் வெந்நீரை வேறொரு பாத்திரத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும். அந்தப் பாத்திரமே பிறகு கொதிகலன் என்றால், இடையில் வடியும் சாறு ஒரு வாளியில் காத்திருக்க வேண்டும். மால்ட்டை மிக நுண்ணியதாக உடைத்திருந்தால் உமிப்படுகை களிபோல இறுகி, குழாயில் சொட்டுக்கூட வராது. அகப்பையால் கிளறிவிட்டு, படுகை மறுபடி படியும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஆனாலும் இந்த முறையில் சூடான, ஈரமான தானியத்தை யாரும் தூக்க வேண்டியதில்லை என்பதை, இடுப்புவலி உள்ளவர்கள் ஒரு பெரிய தகுதியாகவே கொள்வார்கள்.

பை முறை ஆஸ்திரேலியர்கள் 2000களின் நடுவில் பரப்பியது. பிரிட்டனில் 1970களிலேயே பிளாஸ்டிக் வாளிக்குள் பையைத் தொங்கவிட்டுக் காய்ச்சியவர்கள் உண்டு என்றாலும், கழுவுவதை முற்றாக விட்டுவிட்டு மொத்த நீரையும் முதலிலேயே ஊற்றிவிடுவதுதான் ஆஸ்திரேலியர்கள் செய்த துணிச்சலான எளிமை. 31 லிட்டர் நீரை அண்டாவில் சூடேற்றி, மெல்லிய பாலியெஸ்டர் வலைத்துணிப் பையை விளிம்பில் மாட்டி, மால்ட்டைக் கொட்டிக் கலக்கி, போர்வையால் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். நீர் இவ்வளவு இருப்பதால் மால்ட்டின் குளிர்ச்சி அதை அதிகம் பாதிக்காது. 66 பாகைக்கு நீர் 69 பாகையில் இருந்தாலே போதும். துணியே வடிகட்டி என்பதால் மால்ட்டை எவ்வளவு நுண்ணியதாக உடைத்தாலும் அடைப்பு வராது. முடிந்ததும் பையைத் தூக்கிச் சாற்றை வடியவிட்டு, அதே அண்டாவில் அடுப்பை ஏற்றிவிடலாம். கழுவ ஒரு பாத்திரம், ஒரு துணி மட்டுமே. என் கணக்கில் ஐஸ்பெட்டி நாளைவிட இது ஒரு மணி நேரம் குறைவு.

ஆனால் அளவுகளை முதலிலேயே கணக்கிட வேண்டும். 31 லிட்டர் நீரும் அதில் இறங்கும் மால்ட்டும் சேர்ந்து 34 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். எனவே 40 லிட்டர் அண்டா இல்லாமல் முழு அளவு காய்ச்ச முடியாது. ஊறிய பை 8 கிலோ கனக்கும், 66 பாகையில் சொட்டும். கூரையில் கொக்கியும் கப்பியும் இல்லாதவர் அதைக் கையால் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்பது வேடிக்கையான காட்சியாக இருக்கலாம், பாதுகாப்பானது அல்ல. என் பை ஒருமுறை வேறு விதத்தில் பழிவாங்கியது. மாஷின் வெப்பம் 64க்கு இறங்கிவிட்டதே என்று, பை உள்ளே இருக்கும்போதே அண்டாவுக்குள் இருந்த மின் ஹீட்டரைப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் துணி கம்பிமேல் ஒட்டித் தீய்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. தூக்கியபோது பை ஏறக்குறைய காலியாக மேலே வந்தது, மால்ட் முழுவதும் கேழ்வரகுக் கூழ் போல அண்டாவின் அடியில் கிடந்தது. அதை இட்லித்துணியால் வடித்து முடிக்க நள்ளிரவு ஆயிற்று. அடியில் ஒரு கம்பித் தட்டைப் போட்டிருந்தால் தவிர்த்திருக்கக் கூடிய விபத்து அது.

மூன்றாவதான மின்கருவி எஃகால் ஆன உருளை. அதற்குள் துளையிட்ட அடித்தட்டோடு ஒரு கூடை, மால்ட் அதில். அடியிலிருந்து சாற்றை உறிஞ்சி மேலே ஊற்றிக்கொண்டே இருக்கும் பம்பு. வெப்பத்தை எண்ணில் குறிப்பிட்டால் அது பிடித்து வைத்துக்கொள்ளும்; இரவே நீரை ஊற்றி நேரத்தைக் குறித்துவிட்டால் காலை ஆறு மணிக்கு 69 பாகையில் தயாராக இருக்கும். குழந்தைகள் எழுவதற்குள் பாதி வேலையை முடிக்க விரும்பும் பெற்றோருக்கு இந்த ஒரு வசதிக்காகவே பணம் கொடுக்கலாம் என்று தோன்றினால், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் தயக்கங்கள் வேறு. சில நூறு பவுண்டு கொடுத்து வாங்கிய கருவி காட்டும் 66 என்ற எண், பெரும்பாலும் அடியில் உள்ள சாற்றின் வெப்பமே. கூடையின் மேற்பகுதியில் தானியத்துக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்த்தால் இரண்டு மூன்று பாகை வேறுபடும். பம்பு மாவுத்துகளைக் கீழே இழுத்துவந்து சூடான அடித்தகட்டில் படியவைத்தால், பால் அடிப்பிடித்தாற்போல் அடிப்பிடிக்கும். அந்தத் தீய்ந்த வாடையை எந்த ஹாப்ஸும் மறைக்காது. மேலும் வீட்டுக் கருவிகள் பலவற்றில் ஹீட்டர் 2 முதல் 2.5 கிலோவாட் வரைதான். பிரிட்டனின் 13 ஆம்பியர் பிளக் 3 கிலோவாட்டைத் தாங்கும். 28 லிட்டர் சாற்றை 66இலிருந்து கொதிநிலைக்கு ஏற்ற 3 கிலோவாட்டில் 22 நிமிடமும், 2 கிலோவாட்டில் 33 நிமிடமும் ஆகும். வெளியேறும் வெப்பத்தையும் சேர்த்தால் அதற்கும் மேல். எளிய 3 கிலோவாட் மின் அண்டாவைவிட விலையுயர்ந்த கருவி மெதுவாகக் கொதிக்கிறது என்பது கொஞ்சம் நெருடுகிறது. கூடையைத் தூக்கும் பாரமும் பையின் பாரத்தைவிடக் குறைவல்ல, எஃகின் எடையும் சேர்கிறது. பம்புக்குள்ளும் குழாய்க்குள்ளும் தங்கும் சர்க்கரையை ஒவ்வொரு முறையும் கழுவித்தான் ஆக வேண்டும்.

மால்ட்டிலிருந்து எவ்வளவு சர்க்கரை கிடைக்கிறது என்ற விழுக்காட்டை வைத்து இந்த மூன்றையும் தரவரிசைப்படுத்துவோர் நிறைய. என் ஐஸ்பெட்டியில் 75, பையில் 70, கருவியில் இரண்டுக்கும் நடுவே கிடைக்கிறது. பிரிட்டிஷ் கணக்குப்படி ஒரு கிலோ மால்ட் ஒரு லிட்டருக்கு 300 புள்ளி தரும் (1.039 என்பது 39 புள்ளி) என்று கொண்டால், 75 விழுக்காட்டில் 4 கிலோவும், 70 விழுக்காட்டில் 4.3 கிலோவும் அதே 1.039 அடர்த்தியைத் தரும். வேறுபாடு 300 கிராம் மால்ட். பப்பில் அரை பைண்ட், அதாவது கால் லிட்டரைச் சற்றே தாண்டிய, பீர் வாங்கும் காசில் அதைப்போல் இரண்டு மூன்று பங்கு மால்ட் வாங்கலாம். இதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது தண்ணீர், ஏனெனில் பாத்திரத் தேர்வு தண்ணீரோடு பிணைந்தது. பீர் ஆலைகளுக்குப் பேர்போன பர்ட்டன் ஊரின் நீரில் ஜிப்சம் மிகுதி. வெளிர்நிற ஏலின் கூர்மையான கசப்பு அங்கே பேர்பெற்றது. லண்டன் நீரில் சுண்ணாம்புக் காரம் மிகுதி; கருநிற போர்ட்டர் இங்கே வளர்ந்தது, ஏனெனில் வறுத்த மால்ட்டின் அமிலம் அந்தக் காரத்தை ஈடுகட்டியது. மாஷின் அமிலநிலை (pH) 5.2 முதல் 5.5 வரை இருப்பதே நொதிகளுக்கு உகந்தது. ஐஸ்பெட்டியில் 10 லிட்டர் நீருக்கு 4 கிலோ மால்ட் என்பதால், மால்ட்டே அந்த நீரை ஓரளவு வழிக்குக் கொண்டுவந்துவிடும். பையிலோ அதே மால்ட் 31 லிட்டர் காரநீரோடு மல்லுக்கட்ட வேண்டும். எனவே கடின நீர் வரும் லண்டனிலும் தென்கிழக்கிலும் பையைத் தேர்ந்தெடுப்பவர், காரத்தைக் குறைக்கும் அமிலக் கரைசலையும் அளக்கும் பட்டையையும் சேர்த்தே வாங்கட்டும். வேல்ஸிலோ ஸ்காட்லாந்திலோ மென்னீர் வரும் வீட்டில் இந்தக் கவலை இல்லை. குழாய்நீரின் குளோரினை நீக்க, கேம்ப்டன் என்ற சல்ஃபைட் மாத்திரையில் பாதி எல்லா ஊரிலும் போதும்.

ஈஸ்ட்டுக்கு வந்தால், பாத்திரங்களுக்கிடையே எவ்வளவு தேடியும் கிடைக்காத வேறுபாடு அங்கே வெளிப்படையாக இருக்கிறது. ஒரே செய்முறையைப் பையிலும் ஐஸ்பெட்டியிலும் காய்ச்சி, ஒரே ஈஸ்ட்டைப் போட்டு, எது எதுவெனச் சொல்லாமல் மூன்று நண்பர்களுக்குக் கொடுத்தேன். இருவர் வேறுபாடே இல்லை என்றார்கள். மூன்றாமவர் எது எதுவென்று உறுதியாகச் சொன்னார், ஆனால் இரண்டையும் இடம்மாற்றிச் சொன்னார். அடுத்த முறை ஒரே சாற்றை இரண்டு வாளிகளில் பிரித்து, ஒன்றில் நாட்டிங்ஹாம், மற்றொன்றில் விண்ட்சர் என்ற உலர் ஈஸ்ட்டுகளைப் போட்டேன். இரண்டும் ஒரே அண்டாவில் பிறந்தவை என்று அவர்கள் நம்பவில்லை. நாட்டிங்ஹாம் சர்க்கரையை நன்றாகத் தின்று, சுவையில் தலையிடாமல் ஒதுங்கிக்கொள்வது. விண்ட்சர் மால்டோட்ரையோஸ் என்ற சர்க்கரையைத் தொடாது. அதனால் இனிப்பும் நாவில் தங்கும் கனமும் மிஞ்சும், பழவாசனையும் கூடும், ஆனால் புட்டியின் அடியில் இறுகிப் படியாது. எஸ்-04 என்ற மற்றொரு உலர் ஈஸ்ட் இரண்டுக்கும் நடுவே, பாறைபோலப் படியும். லண்டன் வகைத் திரவ ஈஸ்ட்டுகள் விலை கூடியவை. மார்மலேட் மணமுள்ள பிட்டர் வேண்டுமென்றால் அவற்றுக்கு இணையில்லை.

எந்த ஈஸ்ட்டாக இருந்தாலும் முதல் மூன்று நாட்கள் 18 முதல் 20 பாகைக்குள் அதை வைத்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் பழைய வரிசை வீடுகளில் இரவில் ஹீட்டிங் அணைந்ததும் சமையலறை 13 பாகைக்கு இறங்கும், கோடையில் மாடியறை 27ஐத் தொடும். யாரோ வேண்டாமென்று கொடுக்கும் பழைய குளிர்சாதனப் பெட்டி, அதற்குள் ஒரு சிறு ஹீட்டர், இரண்டையும் மாற்றி மாற்றி இயக்கும் தெர்மோஸ்டாட் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, மின்கருவியின் விலையில் சிறு பகுதி. கருவி மாஷின் ஒரு மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. இந்தக் குளிர்சாதனப் பெட்டியோ ஒரு வாரத்தைப் பார்த்துக்கொள்கிறது.

ஆகவே அடுக்குமாடி வீட்டில், சமையலறை அடுப்பை மட்டும் நம்பியிருப்பவர் பையை எடுக்கட்டும். 22 லிட்டர் பாத்திரத்தில் பாதி அளவைக் காய்ச்சினால் 20 பைண்ட் கிடைக்கும், பையும் ஒரு கையால் தூக்கும் எடைதான். கொட்டகையோ பின்கட்டோ இருந்து, மாதம் ஒருமுறை முழு அளவு காய்ச்சுபவருக்கு ஐஸ்பெட்டியும் 3 கிலோவாட் மின் அண்டாவும். வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றும் மரபைச் சேர்ந்த லாகரும் கோதுமை பீரும் சேர்த்துக் காய்ச்ச எண்ணுபவர், அல்லது காலை நேரம் மட்டுமே கையில் உள்ளவர் மின்கருவி வாங்கலாம். அவர்களுக்கு அது பொருத்தமானதே. நானும் ஒன்று வாங்கினேன், விற்கவில்லை. காய்ச்சும் நாளில் விடியற்காலை அது 74 பாகையில் நீரைத் தயாராக வைத்திருக்கிறது. அதை ஐஸ்பெட்டியில் ஊற்றி மால்ட்டைப் போட்டுவிட்டு, கழுவுவதற்கான நீரை அதிலேயே மறுபடி ஏற்றுகிறேன். கூடையும் பம்பும் கொட்டகையின் பரணில் அட்டைப்பெட்டிக்குள் இருக்கின்றன.